தண்டவாளத்தில் ஓடும் வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது

ஒரு காலத்தில் நாகபுரித் தமிழர்களுக்கு ஊருக்குப் போவது என்றால் ஜி.டி. எக்ஸ்பிரஸ், இல்லாவிட்டால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். இரண்டு மாதத்துக்கு முன்பே கியூவில் நின்று டிக்கெட் எடுத்து, ஹோல்டாலும் கூஜாவுமாக ஸ்டேஷனுக்கு வந்து சேர்வோம். பெட்டி ஏறிய பிறகு நம் பொறுப்பு முடிந்தது. வண்டி ஓட்டுகிறவர் பார்த்துக் கொள்வார். இப்போது நம் பிள்ளைகள் கார் வாங்கியிருக்கிறார்கள். நாற்கரச் சாலை வந்து விட்டது. "ஃபாமிலியோடு காரிலேயே போய்விடலாம், அப்பா" என்கிறார்கள். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் சங்கத்தில் பாதிக் குடும்பங்கள் காரில்தான் கிளம்புகின்றன. ஜபல்பூர், சிந்த்வாடா, அமராவதி என்று பக்கத்து ஊர்க் கல்யாணங்களுக்கும் அப்படியே.

வழியில் எங்கே நல்ல காபி கிடைக்கும், எந்தச் சாலையில் டோல் குறைவு என்பதெல்லாம் நம்மவர்களுக்கு அத்துப்படி. யாரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. நம்மைச் சுற்றிலும் காடு. பெஞ்ச், தாடோபா, போர், நவேகாவ்-நாக்சிரா, மேல்காட் என்று எந்தத் திசையில் போனாலும் ஒரு புலிக் காப்பகம் அல்லது சரணாலயம் இருக்கிறது. இரவில் சாலையின் குறுக்கே மிருகம் வந்தால் என்ன செய்வது? இதைப் பற்றி எழுதும்படி நம் பத்திரிகை ஆசிரியர் கேட்டுக் கொண்டார். கேட்டதற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. சிவில் டிப்ளமா. ரயில்வேயில் பெர்மனென்ட் வே பிரிவில், அதாவது தண்டவாளப் பராமரிப்பில், முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து 2020-இல் ஓய்வு பெற்றேன். அதில் பல வருடங்கள் ஆம்லாவுக்கும் இடார்சிக்கும் நடுவே உள்ள சாத்புரா மலைப் பகுதி. தினமும் விடியற்காலை கீமேன் தன் பீட்டை நடந்து பார்த்து விட்டு வந்து சொல்லும் செய்திகளில், "இன்றைக்கு ஒரு பன்றி", "நேற்று ராத்திரி ஒரு மான்" என்பதும் ஒன்று. மிருகங்கள் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எப்படிக் குறுக்கே வருகின்றன என்பதை அந்த வேலைதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது. தண்டவாளமானாலும் தார்ச்சாலையானாலும் மிருகத்துக்கு எல்லாம் ஒன்றுதான்.

அந்தக் குடும்பத்தின் கதை

சங்கத்துக் குடும்பம் ஒன்றில் இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது பலருக்குத் தெரியும். பெயர் வேண்டாம். எழுதுவதற்கு அவர் சம்மதம் கொடுத்திருக்கிறார்; "இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது சார், எழுதுங்கள்" என்றார்.

மார்ச் மாதம். அமராவதிப் பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய் விட்டு இரவு எட்டரை மணிக்கு ஒரு கிராமச் சாலை வழியாகத் திரும்பிக் கொண்டிருந்தார்கள். அவர் ஓட்டினார், பக்கத்தில் மனைவி. பின் சீட்டில் எழுபத்து நான்கு வயது அம்மாவும், பெண் குழந்தையும். வலப்பக்கத்துக் கொண்டைக்கடலை வயலிலிருந்து ஒரு நீல்காய் பாய்ந்து சாலைக்கு வந்தது. அவர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். கார் சாலையை விட்டு இறங்கி ஒரு கருவேல மரத்தில் மோதியது. முன்னால் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள், காயத்தோடு தப்பினார்கள். குழந்தை பாட்டி மடியில் சாய்ந்து தூங்கிக் கொண்டிருந்தது. அதற்குக் கை எலும்பு முறிந்தது. அம்மாவுக்குத் தலையில் அடி. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்து போனார். நீல்காய்க்கு ஒரு கீறல் கூட இல்லை. அது அடுத்த வயலுக்குள் ஓடி விட்டது.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். காபியைக் கையில் வைத்துக் கொண்டு வெகுநேரம் குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்: "சார், நான் என்ன செய்திருக்க வேண்டும்?"

நான் சொன்னேன்: "தம்பி, அந்த ஒரு வினாடியில் யாராலும் யோசிக்க முடியாது. கை தானாகத் திரும்பும். எனக்கும் அப்படித்தான் திரும்பியிருக்கும். யோசிக்க வேண்டியதை வீட்டிலேயே, கிளம்புவதற்கு முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும். அதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை." டிரைவிங் ஸ்கூலில் எட்டுப் போடவும் ரிவர்ஸ் எடுக்கவும் சொல்லித் தருகிறார்கள். மிருகம் வந்தால் என்ன செய்வது என்று சொல்லித் தருவதில்லை. ஆகவே இந்தக் கட்டுரை.

யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள்

நம் பக்கத்தில் முதலில் கவனிக்க வேண்டியது நீல்காய். விதர்ப விவசாயிகள் இதை 'ரோஹி' என்பார்கள். பெயரில்தான் பசு, உண்மையில் மான் இனத்தைப் போன்ற ஒரு பெரிய விலங்கு. வளர்ந்த ஆண் இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும். காட்டை விட வயலோரப் புதர்களில்தான் இதற்கு வாசம். அதனால் 'இங்கே காடு இல்லையே' என்று நினைக்கும் இடத்தில்தான் வரும். கால்கள் நீளம், உடம்பு உயரத்தில் இருக்கிறது. கார் மோதினால் பம்பர் காலைத் தட்டும்; அத்தனை கனமும் பானெட்டின் மேல் புரண்டு முன் கண்ணாடிக்கு வரும். நீல்காய் ஆபத்தானது இந்தக் காரணத்தால்தான்.

இரண்டாவது காட்டுப்பன்றி. நீல்காய்க்கு நேர் எதிர். குள்ளம், கறுப்பு, கனம். கறுத்த சாலையில் கறுத்த உடம்பு. கடைசி வரை தெரியாது. காருக்கு அடியில் போய் வண்டியையே தூக்கி விடும். தாய்ப் பன்றிக்குப் பின்னால் குட்டிகள் வரிசையாக வரும்.

மூன்றாவது புள்ளிமான். பெஞ்ச், உம்ரேட் பக்கம் கூட்டம் கூட்டமாக உண்டு. இவை தவிர முயல், குள்ளநரி, குரங்கு, மழைக்காலத்தில் பாம்பு. எப்போதாவது சிறுத்தை, மிக அபூர்வமாகப் புலி. அபூர்வம் என்று அலட்சியமாக இருக்க முடியாது. 2017 டிசம்பர் கடைசியில் 'பாஜிராவ்' என்று பெயர் பெற்ற ஆண் புலி நாகபுரி-அமராவதி நெடுஞ்சாலையில் வாகனம் மோதி இறந்தது. 2023 ஆகஸ்டில் கோந்தியா-கோஹமாரா சாலையில், நவேகாவுக்கும் நாக்சிராவுக்கும் இடைப்பட்ட காட்டில், ஒரு இளம் ஆண் புலி கார் மோதி அடிபட்டது. சிகிச்சைக்கு நாகபுரி கொண்டு வரும் வழியிலேயே உயிர் விட்டது. அடிபட்ட புலி நடக்க முடியாமல் தவழ்ந்து போகும் படத்தை நீங்களும் செல்போனில் பார்த்திருப்பீர்கள்.

நேரம் என்று பார்த்தால் சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பிலிருந்து இரவு பத்து மணி வரையும், விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும்தான் மோசம். பன்றிக்கு இரவு முழுவதும் பகல் மாதிரி. பருவத்தைப் பொறுத்தும் மாறும். கடலை, கோதுமை, துவரை விளைந்து நிற்கும் குளிர்கால மாதங்களில் வயலுக்கு வரும். ஏப்ரல், மே மாதங்களில் ஓடைகள் வற்றித் தண்ணீர் தேடி வரும். பெரும்பாலும் தாழ்வான இடத்தில், ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில்தான் கடக்கும். எங்கள் கீமேன்கள் சொன்ன இடங்களைக் குறித்து வைத்துப் பார்த்ததில் அதே மூன்று நான்கு ஓடைகள்தான் திரும்பத் திரும்ப வந்தன. ஆகவே இரவில் சிறு பாலம் ஒன்று வருகிறது என்றால் காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்து விடுங்கள்.

கொஞ்சம் கணக்கு

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். ரயில் பெட்டியை அளவுகோலாக வைத்துச் சொல்கிறேன். இப்போது ஓடும் எல்.எச்.பி. பெட்டி ஒன்று ஏறக்குறைய 24 மீட்டர் நீளம்.

மிருகத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை வினாடி ஆகும். அதுவரை கார் அதே வேகத்தில் ஓடிக் கொண்டிருக்கும். அதன் பிறகுதான் பிரேக் வேலை செய்யத் தொடங்கும். காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர் என்று வைத்துக் கொண்டால் மொத்தம் இப்படி வரும்:

மணிக்கு 60 கி.மீ. வேகம் - 45 மீட்டர்; சுமார் இரண்டு பெட்டி.
மணிக்கு 80 கி.மீ. வேகம் - 70 மீட்டர், மூன்று பெட்டி.
மணிக்கு 100 கி.மீ. வேகம் - 98 மீட்டர், நான்கு பெட்டி.
மணிக்கு 120 கி.மீ. வேகம் - 131 மீட்டர், ஐந்தரைப் பெட்டி.

மழை பெய்திருந்தால், டயர் தேய்ந்திருந்தால், ஏழு பேரும் லக்கேஜும் ஏறியிருந்தால் இன்னும் கூடும்.

இப்போது விளக்கைப் பாருங்கள். எதிரே வண்டி வருகிறது என்று டிம் செய்து விட்டால், ஒரு கறுத்த உருவம் தெளிவாகத் தெரியும் தூரம் 40, 50 மீட்டர்தான். அதாவது இரண்டு பெட்டி. 80-இல் போகிறவர் பன்றியைப் பார்த்தவுடனே பிரேக் அடித்தாலும், வண்டி நிற்பது பன்றி நின்ற இடத்தைத் தாண்டி ஒரு பெட்டி தள்ளித்தான். அவர் திறமைசாலியா, வண்டி விலை உயர்ந்ததா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. இரவில், தடுப்பு வேலி இல்லாத சாலையில், டிம் விளக்கில் 60-க்கு மேல் போகக் கூடாது என்று நான் சொல்வது பயந்தாங்கொள்ளித்தனத்தால் அல்ல. விளக்கு காட்டும் தூரத்துக்குள் வண்டி நிற்க வேண்டும். அதற்கு 60-தான் உச்சம்.

இன்னொன்று. 80-இல் மோதும் வண்டியின் அடி, 60-இல் மோதும் அடியைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. மோதுவதைத் தவிர்க்கவே முடியாமல் போனாலும், அதற்குள் குறைத்த ஒவ்வொரு கிலோமீட்டர் வேகமும் லாபம்தான்.

கண்கள் மின்னும், எல்லாக் கண்களும் அல்ல

மான், நீல்காய், சிறுத்தை, நரி போன்றவற்றின் கண்ணில் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. நம் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புவதால் இரண்டு புள்ளிகள் பளபளக்கும். உடம்பு தெரிவதற்கு வெகு முன்பே கண்கள் தெரிந்து விடும். ஆகவே எதிரே வண்டி இல்லாதபோது ஹைபீம் போட்டு, சாலையை மட்டும் பார்க்காமல் இரண்டு ஓரங்களையும் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கட்டும்; பக்கத்தில் இருப்பவர் ஓரங்களைப் பார்க்கட்டும். ரயில் எஞ்சினில் உதவி டிரைவர் இருப்பது போலத்தான். ஆனால் பன்றி இனத்தின் கண்ணில் அந்தப் படலம் கிடையாது. கண் மின்னவில்லை என்பதால் எதுவும் இல்லை என்று நினைத்து விடாதீர்கள்.

ஒரு மான் கடந்து விட்டது என்றால் உடனே வேகம் எடுக்கக் கூடாது. பின்னால் இரண்டாவது, மூன்றாவது வரும். அடிபடுவது பெரும்பாலும் பின்னால் வருவதுதான்.

மிருகம் எதிரே வந்து விட்டால்

இப்போது அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். ரயில் டிரைவர் தண்டவாளத்தில் மாட்டைப் பார்த்தால் என்ன செய்வார்? ஹாரன் அடிப்பார், பிரேக் போடுவார். வேறு எதுவும் செய்ய முடியாது, ஏனென்றால் அவரிடம் ஸ்டியரிங் இல்லை. மிருகம் குறுக்கே வந்த அந்த வினாடிக்கு உங்கள் காருக்கும் ஸ்டியரிங் இல்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, பிரேக்கை அழுத்தி, ஹாரன் அடியுங்கள். அவ்வளவுதான்.

ஏன் ஒடிக்கக் கூடாது? இடப்பக்கம் ஒடித்தால் மரம், பள்ளம், மதகுச் சுவர். வலப்பக்கம் ஒடித்தால் எதிரே லாரி. வேகத்தில் திடீரென்று ஒடித்தால் உயரமான வண்டி உருண்டு விடும். மரம் நகராது, மிருகமோ நகரும். பல சமயம் ஒரு வினாடியில் அதுவே விலகி ஓடி விடும். இன்னொன்று, அது எந்தப் பக்கம் பாயும் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஒடித்த பக்கமே அதுவும் பாயலாம்.

2019 ஏப்ரலிலிருந்து விற்பனையாகும் கார்களில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். அவசரத்தில் பிரேக் அடிக்கும்போது காலடியில் 'கடகட' என்று அதிரும். பயந்து காலை எடுத்து விடாதீர்கள். அது வேலை செய்கிறது என்று அர்த்தம். முழு பலத்தோடு அழுத்திக் கொண்டே இருங்கள்.

மிருகம் தூரத்தில் நின்று விளக்கையே பார்த்துக் கொண்டிருந்தால், அதற்குக் கண் கூசிப் போய் நிற்கிறது. மெதுவாக்கி, விளக்கை டிம் செய்து, விட்டு விட்டு ஹாரன் அடித்தால் நகரும். யானை என்றால் மட்டும் விதி வேறு. ஹாரன் வேண்டாம், கிட்டே போக வேண்டாம். தள்ளி நின்று, வழி இருந்தால் பின்னால் போய்க் காத்திருக்க வேண்டும்.

பின் சீட்டு பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டத்தில் பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம்தான். நம் வீடுகளில் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் "புடவை கசங்கும்", "மூச்சு முட்டுகிறது" என்று விட்டு விடுகிறோம். அந்தக் குடும்பத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வயதானவர்களுக்கு நாமே மாட்டி விட வேண்டும். குழந்தையை மடியில் வைத்துக் கொள்வது பாதுகாப்பு அல்ல.

இரு சக்கர வண்டிக்காரர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பன்றி மோதினாலும் விழுவீர்கள், தவிர்க்க ஒடித்தாலும் விழுவீர்கள். இருட்டிய பிறகு கிராமச் சாலையில் போகாதீர்கள். போகத்தான் வேண்டும் என்றால் ஹெல்மெட்டும் 40 கி.மீ. வேகமும்.

மோதி விட்டால்

வண்டியை ஓரம் கட்டி, நான்கு இண்டிகேட்டரும் எரிய விட்டு, முதலில் வண்டிக்குள் இருப்பவர்களைப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. மற்ற இடங்களில் 112. மகாராஷ்டிரத்தில் வனத்துறைக்கு 1926. இந்த மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டி வையுங்கள். அந்த நேரத்தில் செல்போனில் தேட முடியாது.

அடிபட்டுக் கிடக்கும் மிருகத்தின் அருகில் போகாதீர்கள். சாகக் கிடக்கும் பன்றி கூடப் பாய்ந்து கடிக்கும். நீல்காய் உதைத்தால் எலும்பு முறியும். இரக்கப்பட்டு வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அது மூச்சுக் குழாய்க்குள் போய் விடும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, தவறுதலாகக் கொல்லப்பட்ட காட்டு விலங்கும் அரசாங்கத்தின் சொத்து. இரவில் கூட்டம் கூடி, "பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு" என்று இறைச்சியைப் பங்கு போடப் பார்ப்பார்கள். அதில் மட்டும் சேர்ந்து விடாதீர்கள். விபத்து அங்கே குற்றமாகி விடும். அப்படி ஒரு விலங்கு நம் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்திலோ வன அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. என் யோசனை, 48 மணி வரை காத்திராமல் அங்கிருந்தே போன் செய்து விடுவது. மறைத்து விட்டு ஓடுவதுதான் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

இன்சூரன்ஸ் விஷயம். தர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் எடுத்திருந்தால் உங்கள் கார் சேதத்துக்கு ஒரு பைசா வராது. காம்ப்ரிஹென்ஸிவ் இருந்தால் கிளெய்ம் செய்யலாம். வண்டியை நகர்த்துமுன் போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். போலீஸில் ஒரு பதிவும் இருக்கட்டும்.

சாலை போடுகிறவர்கள் என்ன செய்யலாம்

ஓட்டுகிறவரை மட்டும் குறை சொல்லி முடித்தால் அது பாதி உண்மை. சாலையை மிருகத்தின் பாதையில் போட்டது நாம்தான். இதற்கு நல்ல விடை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. நாகபுரியிலிருந்து செவனிக்குப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பெஞ்ச் காட்டைக் கிழித்துக் கொண்டு போகிறது. அதை நாற்கரமாக்குவதற்கு எதிர்ப்பும் வழக்குகளும் வந்து வேலை பல வருடம் இழுத்தது. முடிவில் மகாராஷ்டிரப் பகுதியில் சுமார் 16 கிலோமீட்டருக்குள் ஒன்பது இடங்களில் சாலையைத் தூண்கள் மேல் தூக்கி, கீழே மிருகங்கள் போக வழி விட்டார்கள். சிறியது 50 மீட்டர் அகலம். பெரியது 750 மீட்டர். மத்தியப் பிரதேசப் பகுதியில் இரைச்சலும் முகப்பு விளக்கின் ஒளியும் காட்டுக்குள் போகாதபடி இரண்டு பக்கமும் தடுப்பும் வைத்தார்கள்.

"மிருகம் என்ன போர்டு படித்து விட்டா பாலத்துக்கு அடியில் போகும்?" என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. டேராடூனில் உள்ள இந்திய வனஉயிரின ஆய்வு நிறுவனத்தார் கீழே காமிரா வைத்து 2019-இல் கணக்கெடுத்தார்கள். பதினெட்டு வகைக் காட்டு விலங்குகள் அந்த வழிகளைப் பயன்படுத்தியது பதிவாயிற்று. புலியும் அதில் அடக்கம். நானே ஒரு முறை காரை நிறுத்தி, மேலிருந்து பார்த்தேன். பொறியாளன் கண்ணுக்கு அதன் சூட்சுமம் எளிது. கீழே சிமெண்ட் இல்லை, இயற்கையான மண். உயரம் தாராளம். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்துக் காடு தெரிகிறது. அடுத்த பக்கம் தெரிந்தால்தான் மிருகம் நுழையும். இருட்டுக் குழாய்க்குள் போகாது.

நாகபுரி-மும்பை சம்ருத்தி விரைவுச் சாலையிலும் விலங்குகளுக்காக மேம்பாலங்களும் கீழ்வழிகளும் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கே கார்களுக்கு அனுமதித்த வேகம் 120. ஐந்தரைப் பெட்டிக் கணக்கை அங்கே மறக்க வேண்டாம். வேலியில் ஒரு சிறு இடைவெளி போதும்.

மற்ற சாலைகளுக்கெல்லாம் 750 மீட்டர் பாலம் கட்ட முடியாது. வேகத்தடை போடலாம், ஓரத்துப் புதர்களை வெட்டிப் பார்வையைத் திறந்து விடலாம். ரயில்வேயில் காஷன் ஆர்டரை மீறிய டிரைவருக்கு சார்ஜ் ஷீட் வரும். சாலையில் 'வன விலங்குகள் கடக்கும் இடம், மெதுவாகச் செல்க' என்ற பலகையை மீறினால் கேட்பாரில்லை. அங்கே நமக்கு நாமே கேட்டுக் கொள்ள வேண்டியதுதான்.

நாம் செய்யும் தப்பு ஒன்றும் உண்டு. வழியில் நிறுத்திப் புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டு விட்டு, மிச்சத்தை "பாவம் குரங்கு" என்று சாலையோரம் வைத்து விட்டு வருகிறோம். குரங்கு நாளை அடுத்த காரை நம்பிச் சாலைக்கு வரும். குப்பையைப் பையில் கட்டி ஊர் வந்து போடுங்கள்.

ஊருக்குப் போகும் வழி

பெஞ்ச் வழியாகப் போகும் அதே 44-ஆம் எண் சாலைதான் ஹைதராபாத், பெங்களூர், சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை போகிறது. ரயில்வேக்காரன் பழக்கம், நான் எந்தப் பயணத்துக்கும் ஒரு டைம்டேபிள் போடுவேன். உங்களுக்கும் ஒன்று தருகிறேன்.

முதல் நாள் விடிந்த பிறகு ஆறு மணிக்கு நாகபுரியை விட்டுக் கிளம்புங்கள். "வெயிலுக்கு முன்னால்" என்று மூன்று மணிக்குக் கிளம்புவது நம்மவர் வழக்கம். அது மிருகங்கள் நடமாடும் நேரம். ஓட்டுகிறவருக்கோ தூக்க நேரம். ஆறு மணிக்குக் கிளம்பினால் அதிலாபாத், நிர்மல் பக்கத்துக் காடுகளைப் பகலிலேயே தாண்டி விடலாம். ஹைதராபாத் ஏறக்குறைய 500 கி.மீ.; நிதானமாகச் சாப்பிட்டுப் போனாலும் மாலை நான்குக்குள் சேரலாம். அங்கே தங்குங்கள். இரண்டாம் நாள் பெங்களூர், சுமார் 570 கி.மீ. மூன்றாம் நாள் காலை தமிழ்நாடு. ஓசூருக்கும் சூளகிரிக்கும் இடையே சாணமாவுக் காட்டை ஒட்டி யானைகள் நெடுஞ்சாலையைக் கடப்பதுண்டு. அங்கேயும் பகல்தான் நல்லது.

மைசூர் வழியாக ஊட்டி, கோயம்புத்தூர் போகிறவர்கள் முன்பே தெரிந்து கொள்ள வேண்டியது: பந்திப்பூர் காட்டுக்குள் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வாகனங்களை விடுவதில்லை. 2009-இல் வந்த தடை அது. சத்தியமங்கலம் காட்டில் பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையே சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரியிலிருந்து இரவுத் தடை அமலுக்கு வந்தது. செக்போஸ்ட்டில் போய் நின்று "குழந்தைகள் இருக்கிறார்கள், கொஞ்சம் விடுங்கள்" என்று கெஞ்சிப் பயனில்லை. மாலை ஐந்து மணிக்குள் காட்டைத் தாண்டும்படி கிளம்புங்கள்.

இரண்டு நாளில் போகக் கூடியதை இவர் மூன்று நாளாக்குகிறாரே என்று இளைஞர்கள் சொல்வார்கள். ஜி.டி.யில் போன காலத்தில் வழியெல்லாம் சீட்டாடிக் கொண்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தோம். லீவில் ஒரு நாளைச் சாலைக்குக் கொடுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் மாலை எனக்கு ஒரு போன் செய்தால் உங்கள் ஊருக்கு ஏற்ற டைம்டேபிள் போட்டுத் தருகிறேன்; சங்க அலுவலகத்தில் என் நம்பர் இருக்கிறது. நல்லபடியாகப் போய், நல்லபடியாகத் திரும்பி வாருங்கள்.